கொக்குகள் தோற்றால் அதில் ஏதோ இருக்கு

என் அக்காவின் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா யாரையும் முழுதாக நம்பியதில்லை. இன்று மழை இல்லை என்று வானிலைக்காரர் சொன்னால் குடையை எடுத்துக்கொண்டு போவார். மழை என்று சொன்னாலும் எடுத்துக்கொண்டுதான் போவார். ரயில் தாமதம், இயந்திரக் கோளாறு என்று ஒலிபெருக்கியில் சொன்னால், "ட்ரைவர் நித்திரையாப் போனான், அதை மறைக்கினம்" என்பார். மருத்துவர் மாத்திரையை மாற்றி எழுதினால் அந்த மருத்துவருக்கும் மருந்துக் கம்பனிக்கும் என்ன உறவு என்று வீடு வரும்வரை யோசிப்பார்.

அவருடைய தொழிலும் இதற்குத் தோதாகத்தான் அமைந்தது. பெரிய கடைகளில் களவு பிடிக்கிற வேலை. சீருடை கிடையாது. தள்ளுவண்டிக்குள் ஒரு பை வெங்காயத்தைப் போட்டுக்கொண்டு சாமான் வாங்க வந்தவர் மாதிரி நாள் முழுக்கச் சுற்றுவார். தமிழ் ஆள் ஒருவர் ஒரு சவர்க்காரத்தைக் கையில் எடுத்து விலையைப் பார்ப்பதும் வைப்பதும் திரும்ப எடுப்பதுமாக நின்றால் யாருக்குச் சந்தேகம் வரப்போகிறது? அந்த வேலையில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. இத்தனை வருடத்தில் குற்றமில்லாத ஒருவரைக்கூட அவர் பிடித்ததில்லை. "கண்ணால காணாமல் ஒருத்தரையும் கள்ளன் எண்டு சொல்லமாட்டன்" என்று மற்றவர்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில் சொல்லிக்கொள்வார்.

பேஸ்போலுக்கு மட்டும் இந்த விதி செல்லாது. அங்கே அவருக்கு எல்லாருமே கள்ளர்.

ஜெர்மனியில், வால்டோர்ஃபுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் சிற்றூருக்கு ஒரு பேஸ்போல் அணி உண்டு என்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அணியின் பெயர் கொக்குகள். முதற்பிரிவில் விளையாடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்தும் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் சம்பளத்துக்கு ஆட்களைக் கொண்டுவருகிறார்கள். வந்த ஆட்கள் முதல் மாதம் நன்றாக அடிக்கிறார்கள், இரண்டாம் மாதம் எங்கள் ஊர்ச் சாப்பாடு பிடித்துவிடுகிறது, மூன்றாம் மாதம் ஓட முடிவதில்லை. அத்தான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நாட்களில் எல்லே விளையாடியவர். தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் விளையாட்டு என்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா எட்டிப் பார்க்கப் போனார். அன்று கொக்குகள் வென்றுவிட்டார்கள். பிடித்தது சனியன். அதற்குப் பிறகு அவர்கள் வென்ற நாட்களை நினைவு வைத்திருப்பது கஷ்டமே இல்லை.

தோற்கிற அணியின் பின்னால் போகிறவனுக்கு இரண்டு வழிதான் உண்டு. என் ஆட்களுக்கு விளையாடத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளலாம். அல்லது, தெரியும், ஆனால் யாரோ கெடுக்கிறார்கள் என்று நம்பலாம். அத்தானுக்கு முதலாவது வழியை நினைக்கவே ஏலாது. நடுவர் எதிரணிப் பயிற்சியாளரோடு கைகுலுக்கியதைக் கண்டார். எங்கள் ஆள் பந்தை நழுவவிட்டபின் சிரித்ததைக் கண்டார். சொசேஜ் விற்கிறவர் எதிரணிக்காரனுக்குக் கொஞ்சம் பெரிய சொசேஜாக எடுத்துக் கொடுத்தது வரைக்கும் கண்டார்.

"இஞ்சருங்கோ, அவங்களுக்கு விளையாடத் தெரியாதப்பா" என்பாள் என் அக்கா சிவகௌரி.

"உமக்கு விளங்காது. இதுக்குள்ள ஏதோ இருக்கு."

போன வருடம் கொக்குகள் கடைசி இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கீழ்ப்பிரிவில் முதலாவதாக வந்த அணியோடு ஒரு ஆட்டம் ஆடவேண்டும். வென்றால் முதற்பிரிவில் நிற்கலாம். தோற்றால் கீழே போவது மட்டுமல்ல, அணியின் சட்டையில் பெயர் போட்டிருக்கும் கூரை ஓட்டுக் கம்பனி கையை விரித்துவிடும், அதோடு கழகமே இராது என்று பத்திரிகையில் வந்தது. அத்தான் அந்தக் கிழமை முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அவருடைய வாழ்க்கையில் வெள்ளைக்காரரோடு சேர்ந்து கத்துகிற இடம் அது ஒன்றுதான். மற்ற எல்லா இடத்திலும் அவர்களைப் பின்னால் நின்று பார்க்கிறவர் அவர். கழகம் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வார் என்று எனக்கே பயமாக இருந்தது.

ஆட்டத்துக்கு முதல்நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஐங்கரன், ஆளைக் கண்டுபிடிச்சிட்டன். யானிக்."

யானிக் எங்கள் அணியில் பந்து பிடிக்கிறவன். அடிக்கிற ஆளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, அடுத்ததாக என்ன மாதிரிப் பந்து போடவேண்டும் என்று தொடைகளுக்கு நடுவில் விரலால் சைகை காட்டுவான். எறிகிறவன் அதைப் பார்த்து எறிவான். சைகை வெளியே தெரிந்தால் ஆட்டம் போய்விடும், ஏனென்றால் வரப்போகும் பந்து தெரிந்தவன் அதை அடித்துவிடுவான். யானிக் எதிரணிக்காரனுக்கும் விளங்குகிற மாதிரி வேண்டுமென்றே சைகையை விற்கிறான் என்பது அத்தானின் முடிவு.

"கண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் காணுவன்."

மறுநாள் மத்தியானம் கழுத்தில் ஒரு பைனாகுலரோடு வந்து என் காரில் ஏறினார். இந்தியத் தமிழ்ப் பெடியள் கிரிக்கெட் விளையாடுகிற புல்வெளியைத் தாண்டி மைதானத்துக்குப் போனோம். வழமையாக இருக்கும் பக்கம் போகாமல், மைதானத்தின் மறு அந்தத்தில், வேலிக்கு வெளியே உள்ள புல்மேட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கிருந்து பார்த்தால் யானிக்கின் விரல்கள் நேராகத் தெரியும். அடிக்கிறவன் நிமிர்ந்தால் எங்களையும் நேராகத் தெரியும் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. அல்லது நான் யோசிக்கவில்லை.

யானிக்கிடம் ஒன்றும் அகப்படவில்லை. கொக்குகள் தங்கள் வழக்கப்படி, யாருடைய உதவியும் இல்லாமல் தாங்களாகவே தோற்றுக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சுற்றில் எங்கள் ஆட்கள் அடிக்க வந்தபோது ஒரு ஓட்டம் பின்னால் நின்றார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே அவுட். இரண்டு மூலைகளில் எங்கள் ஆட்கள் ஓடத் தயாராக நின்றார்கள். அடிக்க வந்தவன் யானிக். அவன் அவுட் ஆனால் எல்லாம் முடிந்தது.

அத்தான் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். பிறகு இறக்கினார். சப்பாத்தைக் கழற்றினார். கைகளைக் குறுக்காக மாற்றி நெற்றிப்பொட்டில் மும்முறை குட்டினார். காது இரண்டையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டார். பிள்ளையாருக்கு எல்லாத் தமிழனும் போடுவதுதான். ஆனால் வழுக்கை விழுந்த மனிதர் ஒருவர் காலுறையோடு ஜெர்மன் புல்மேட்டில் நின்று போட்டால் எப்படி இருக்கும்! எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். முதல் பந்தை யானிக் விட்டுவிட்டான். அத்தான் திரும்பவும் பைனாகுலரைத் தூக்கினார், இறக்கினார், குட்டினார், குந்தி எழும்பினார். அடுத்த பந்தை யானிக் எங்கள் தலைக்கு மேலால் அடித்தான். மூன்று பேரும் ஓடி முடித்தார்கள். வென்றுவிட்டோம்.

நான் கத்திக்கொண்டு அத்தானைக் கட்டிப்பிடித்தேன். அப்போதுதான் எதிரணிப் பயிற்சியாளர் மைதானத்துக்கு நடுவில் நின்று எங்களைக் கையால் காட்டுவதைக் கண்டேன்.

நடுவரும் அந்தப் பயிற்சியாளரும் எங்கள் கழகத் தலைவியும் வேலியடிக்கு வந்தார்கள். பின்னால் இரண்டு அணியும் வந்தது. பயிற்சியாளரின் கழுத்து சிவந்திருந்தது. இந்த ஆள் பைனாகுலரால் எங்கள் சைகையைப் பார்த்து அடிக்கிறவனுக்குக் காட்டிக் கொடுத்தான், தலையைத் தொட்டால் ஒரு பந்து, காதைப் பிடித்தால் இன்னொரு பந்து, என் கண்ணால் கண்டேன் என்றார்.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று நடுவர் கேட்டார்.

"சாமி கும்பிட்டேன்" என்றார் அத்தான், ஜெர்மன் மொழியில்.

"எப்படி? செய்து காட்டுங்கள்."

செய்து காட்டினார். எல்லார் முன்னாலும், மும்முறை குட்டி, காதைப் பிடித்து, குந்தி எழும்பினார். யாரோ சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அவரைவிட எனக்குத்தான் கூட அவமானம் என்று நினைக்கிறேன். எந்தச் சாமி என்று பயிற்சியாளர் கேட்டார். யானை முகமுள்ள சாமி என்று அத்தான் சொன்னார். அது எங்கள் பக்கத்து வழக்கை இன்னும் மோசமாக்கியது.

"நான் கடையில் கள்ளரைப் பிடிக்கிறவன்" என்றார் அத்தான். "நான் களவெடுக்கமாட்டேன்."

 கழகத்துக்கும் இவருக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை, ஆட்டம் செல்லும் என்றார் நடுவர். ஆனால் பைனாகுலரோடு இனி மைதானத்துப் பக்கமே வரக்கூடாது என்றும் சொன்னார். நம்புகிறவர் அப்படிச் சொல்லமாட்டார். பயிற்சியாளர் நிலத்தில் துப்பிவிட்டுப் போனார்.

கொக்குகள் முதற்பிரிவில் நின்றுவிட்டார்கள். எங்கள் ஆட்கள் வேலிக்கு மேலால் பாய்ந்து வந்தார்கள். அத்தானின் முகம் மலர்ந்தது. முதலில் வந்தவன் யானிக். அவரை அப்படியே தூக்கிவிட்டான்.

"எங்கள் கள்ளன்!" என்று கத்தினான். "உங்கள் பெயர் என்ன?"

இத்தனை வருடமாக அந்த மைதானத்தில் அவரிடம் யாரும் பெயர் கேட்டதில்லை. அத்தான் சொன்னார். அவர்களால் சொல்ல முடியவில்லை, 'ஸ்ரீ' மட்டும் மிஞ்சியது. எல்லாரும் ஸ்ரீ ஸ்ரீ என்று கத்தினார்கள். ஒருவன் நெற்றியில் குட்டிக் காட்டினான், இன்னொருவன் காதைப் பிடித்துக் குந்தினான், பிறகு முழு அணியும் புல்மேட்டில் தோப்புக்கரணம் போட்டது. கழகத் தலைவி அத்தானின் கையில் ஒரு பியரைத் திணித்து, ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினாள்.

"நான் உண்மையில் சாமிதான் கும்பிட்டேன்" என்று அத்தான் யானிக்கிடம் சொன்னார். "நீ என்னைப் பார்த்தா அடித்தாய்?"

"நான் யாரையும் பார்க்கவில்லை" என்றான் யானிக், கண்ணைச் சிமிட்டிக்கொண்டே. "நீங்களும் ஒன்றும் காட்டவில்லை. சரிதானே?" எல்லாரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

அத்தான் பியரைப் புல்லில் வைத்துவிட்டுச் சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

 காரில், ஊருக்குள் திரும்பும் இடத்தில் அத்தான் சொன்னார்:

"நான் பாத்தது யானிக்கைத்தான். வேணுமெண்டு பந்தை விடுறானோ எண்டு பாத்தனான். மற்றவன்ர விரலைப் பாக்கேல்லை."

"ம்."

"நீ நம்புறியோ?"

எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு நினைப்பு வந்தது. யானிக்குக்குப் பின்னால், அதே இடத்தில்தானே எதிரணிக்காரன் குந்தியிருந்தான். ஒருவனைப் பார்த்தால் மற்றவனும் தெரியத்தானே செய்வான். அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு, "ஓம் அத்தான், நம்புறன்" என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

அத்தான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லை ஐங்கரன்" என்றார். "நான் எண்டாலும் நம்பியிருக்க மாட்டன்."