சுமலதாவின் இருமல் வண்டி

எளாவூர் சுமலதாவைத் தெரியாதவர்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் குறைவு. காலை ஐந்தரைக்கெல்லாம் இரும்புக் கம்பெனி கேட்டுக்கு எதிரே, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இட்லி அண்டாவை இறக்கிவிடுவாள். ஆறு மணிக்கு நைட் ஷிப்டு வெளியே வரும், காலை ஷிப்டு உள்ளே போகும். அந்த அரைமணி நேரம்தான் அவள் பிழைப்பு மொத்தமும்.

அண்டாவைச் சுமந்து வருவது பதினெட்டு வருஷத்துப் பழைய மோட்டார் சைக்கிள். வாங்கியவர் என்னவோ அவள் புருஷன் பச்சையப்பன்தான். ஆனால் மனுஷனுக்குப் பின்னால் உட்கார மட்டுமே தைரியம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிக்கரை உதைக்கப் பழகியவள் இவள்.

ஆடி மாதத்தில் வண்டி இருமத் தொடங்கியது. நேரே போனால் ஒழுங்காகப் போகும். திருப்பத்தில் அடைத்துக்கொண்டு துள்ளும், சைலன்சர் வெடிக்கும், ஹெட்லைட் அணைந்து அணைந்து எரியும். மெக்கானிக் இரண்டு தரம் பிளக் மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார். நாலு நாள் ஓடும். மறுபடியும் அதே கதை.

சுமலதாவுக்குக் காரணம் தெரிந்துதான் இருந்தது. பொம்பளை கியர் வண்டி ஓட்டுகிறாள் என்று ரோடே வேடிக்கை பார்க்கிறதே, கண் படாமல் என்ன செய்யும்? அமாவாசை தவறாமல் எலுமிச்சையும் மிளகாயும் கோத்து ஹெட்லைட்டுக்குக் கீழே கட்டினாள். கட்ட அங்கே வேறு இடமில்லை. தொங்கிய ஒயர்க் கட்டிலேயே இறுக்கி முடிந்தாள். வண்டி அதிகமாக இரும இரும, ஒரு பழம் மூன்று பழமானது.

அடுத்தடுத்து இரண்டு காலை கேட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். செக்யூரிட்டி சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"ஏம்மா, நைட்டு முச்சூடும் வேல பாத்தவன் பசியோட நிக்கறான். இன்னொரு வாட்டி லேட்டானா இந்த எடம் கவரப்பேட்டகாரருக்குத்தான். அவரு ஆட்டோல நாஷ்டா எடுத்துக்கினு வரேன்றாரு."

அன்றைக்கு வண்டியைப் பார்த்தவன் சாலமோன். அந்தக் கம்பெனி எலக்ட்ரீஷியன், நாலு வருஷமாக அவள் கையால் சாப்பிடுகிறவன்.

"அக்கா, எப்போ நிக்குது?"

"சோத்துக்கை பக்கம் திருப்பினா."

"அப்போ பிளக்கு இல்ல. ஹேண்டில் திரும்பறப்போ ஒயரு இழுக்குது. இந்த எலுமிச்சங்கா மூட்டைய அவுரு, பாக்கறேன்."

"அதுமேல மட்டும் கைய வெக்காத நைனா. அது இல்லாங்காட்டி நான் எப்பவோ லாரிக்கு அடியில போயிருப்பேன்."

"அது இருக்கறதாலதான் போவப்போற."

அவ்வளவுதான். அன்றைக்கு அவன் தட்டில் சட்னி விழவில்லை.

அடுத்த அமாவாசைக்கு மறுநாள். மூன்று புதுப் பழங்களோடு கிளம்பினாள். ஹைவேயை விட்டு சிப்காட் ரோட்டுக்கு வலது பக்கம் ஒடித்தாள். ஒரு வெடி. லைட் போனது, வண்டியும் நின்றது. இன்னும் இரண்டு கிலோமீட்டர். அண்டாவில் இருநூறு இட்லி. தள்ளிக்கொண்டு போனால் ஆறரை ஆகிவிடும்.

உதைத்தாள், உதைத்தாள், கால் மரத்துப்போகிற மட்டும் உதைத்தாள். ஹேண்டில் நேராக இருந்தால் உயிர் வரும், திருப்பினால் போய்விடும். பிடிவாதக்காரிதான், அதை யார் இல்லை என்றது? ஆனால் மக்கு இல்லை. இஞ்சின் விக்கிக்கொண்டிருக்கும்போதே பழங்களைக் கையில் ஏந்தித் தூக்கிப் பிடித்தாள். இருமல் நின்றது. கையை எடுத்தாள், அணைந்தது. இன்னொரு தரம் செய்து பார்த்தாள். அதேதான்.

"எல்லையம்மா, மன்னிச்சுக்க தாயீ," என்று முடிச்சை அவிழ்த்தாள். நூல் பிசுபிசுவென்று ஒயரோடு ஒட்டியிருந்தது. பழங்களைக் கண்ணாடிக் கம்பியில் கட்டிவிட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள்.

கேட்டுக்கு வந்தபோது ஆறுக்கு ஐந்து நிமிஷம். கவரைப்பேட்டை ஆட்டோ வந்து நின்றிருந்தது. பாத்திரம் இன்னும் இறங்கவில்லை. சுமலதா யாரையும் பார்க்கவில்லை. ஸ்டாண்டு போட்டாள், இஞ்சினை நிறுத்தாமலே அண்டா மூடியைத் திறந்தாள்.

"புகை வருதும்மா, ஆஃப் பண்ணு!" என்றார் சூப்பர்வைசர்.

"ஆஃப் பண்ணா அப்புறம் ஸ்டார்ட் ஆவாது. நீதான் எளாவூர் வரைக்கும் தள்ளிக்கினு வரணும், வரியா?"

வரிசையே சிரித்தது. சங்கு ஊதியது. தட்டுகள் நீண்டன. ஆட்டோக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த கேட்டுக்கு நகர்ந்தார்.

நைட் ஷிப்டு முடிந்து வந்த சாலமோன், கண்ணாடியில் ஆடிய பழங்களைப் பார்த்தான். இஞ்சினை நிறுத்திவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒயர் சேருகிற இடத்தைப் பிரித்தான். உள்ளே பச்சை பூத்திருந்தது.

"சாறு எறங்கி அரிச்சிருக்குக்கா. நூலு வேற இழுத்து, பின்னு பாதி வெளிய வந்துக்கீது."

"அப்போ கண்ணு படலன்றியா?"

"நான் எங்க அப்டி சொன்னேன்?"

உப்புத்தாளால் தேய்த்தான், பின்னை அழுத்திச் சொருகி டேப் சுற்றினான். சுமலதா உதைத்தாள். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. ஹேண்டிலை வலது கோடிக்கும் இடது கோடிக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சத்தம் பிசகவில்லை.

சூப்பர்வைசர் தட்டோடு வந்து நின்றார். "நாளைக்கும் இந்த டைமுக்கு வந்துடும்மா."

"இன்னாத்துக்கு இந்த டைமு? அஞ்சரைக்கே வருவேன்," என்று அவர் தட்டில் நாலு இட்லியை எடுத்து வைத்தாள்.