சாகோ பனை குத்திய கண்

அந்த அலுவலக வளாகத்தில் தோட்டவேலை பார்க்கும் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். வெயில் மண்டையைப் பிளந்தாலும் தண்ணீர் பாட்டிலைத் தேடமாட்டார். வாசலில் சரளைக்கல் பாத்தியில் அழகுக்கு நிற்கும் சாகோ பனைகள் அவர் பொறுப்பு. இடுப்பளவு மரங்கள். மழையே பார்க்காத ஊர்தான், ஆனாலும் தண்ணீர் மிஞ்சினால் வேர் அழுகிவிடும். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால்தான் குழாயைத் திறப்பார், அதுவும் குருத்து நனையாமல். பழுத்துக் காய்ந்த அடி மட்டையை மட்டும் வெட்டுவார். இலை நுனி ஒவ்வொன்றும் ஊசி.

அப்படிக் குனிந்து வெட்டும்போதுதான் இடது கண்ணில் குத்திவிட்டது.

மேஸ்திரி அவர் மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவனே. முன்பு பாதுகாப்புக் கண்ணாடி கேட்டதற்கு, "என்ன மாமா, பைக் ரேஸுக்கா கெளம்பிட்டீங்க?" என்று சிரித்தவன்.

வீட்டில் தூசி என்று சொல்லிச் சமாளித்தார். மறுநாள் வேலையில் ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. காய்ந்த மட்டைக்கு நீட்டிய கத்தரி, வருஷத்துக்கு ஒருமுறை வரும் இளங்குருத்தைக் கொய்துவிட்டது. திட்ட ஓடிவந்த மச்சினன் அவருடைய வீங்கிய கண்ணைப் பார்த்ததும் கத்தரியை வாங்கிக் கீழே வைத்தான்.

அன்றே அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டான்.

"வேலைல பட்டதுன்னு சொல்லிடாதீங்க மாமா. கண்ணாடி ஏன் குடுக்கலன்னு என் தலைதான் உருளும். அக்கா, நீயாவது சொல்லேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "என்ன பட்டுச்சு? இலை, முள்ளு ஏதாவது? செடி பட்ட புண்ணுன்னா மருந்தே வேற."

மச்சினன் தரையைப் பார்த்தான்.

"துணி காயப்போடுற கம்பிங்க," என்றார் அவர்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? கம்பிதான்."

எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை மனைவி வேளை தவறாமல் விட்டாள். கருவிழியில் வெள்ளை படர்ந்தது. வலியில் அவர் தலையணையைக் கடித்தார்.

மறுபடி போனபோது, டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்: "கம்பியில்லீங்க. பனை இலை."

டாக்டரம்மா விளக்கை அணைத்தார். "இத அன்னிக்கே சொல்லக்கூடாதாம்மா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மனைவியின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "உன் தம்பிய திட்டாத," என்றார்.