மாமியாரின் இமைமுடி

கடல் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவளைச் 'சேத்தக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பல் அள்ளி வரும் கடலடிச் சேற்றைச் சல்லடையில் அலசி, மணலுக்கும் மணலுக்கும் நடுவே குடியிருக்கும் உயிர்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பிரித்தெடுப்பது அவள் வேலை. நூல்போன்ற புழுக்கள், இறால் சாதிப் பொடிசுகள் என்று ஒரு பிடி சேற்றுக்குள் ஓர் ஊரே கிடக்கும்.

நோய் வந்து பல மாதம் படுத்துவிட்டாள். மருந்து தலைமுடியோடு புருவத்தையும் இமைமுடியையும் சேர்த்துக் கொண்டுபோனது. "படிச்சுட்டுப் போயி சேத்தைக் கிண்டுறா" என்று கல்யாணமான நாளிலிருந்து நக்கலடித்த மாமியார்தான் அப்போது அவளைத் தாங்கினார். வாந்தி எடுக்கும்போதெல்லாம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

உடம்பு தேறி வேலைக்குப் போனவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். உயிர்களைத் தொட்டெடுக்கும் அவளுடைய கருவி வெறும் குச்சியாகக் கிடந்தது. முனையில் ஒட்டியிருந்த இமைமுடி பசை காய்ந்து உதிர்ந்துபோயிருந்தது. அந்தச் சின்ன உயிர்களை இரும்பு ஊசியால் தொட்டால் கிழிந்துவிடும். இமைமுடிதான் பதமாக வளைந்து கொடுக்கும். எப்போதும் தன் இமையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கி ஒட்டிக்கொள்வாள். கை பழக்கத்தில் கண்ணுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

பக்கத்து மேசைத் தோழியிடம் கேட்டால் கொடுப்பாள். ஆனால் கேட்ட மாத்திரத்தில் எல்லோரும் தன் முகத்தைத்தானே பார்ப்பார்கள்? தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

"என்னம்மா, போன வேகத்துல வந்து நிக்கிற?" என்றார் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார். அவள் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"இவ்வளவுதானா? என்னோடதை எடுத்துக்க" என்றான் கணவன்.

"உன்னோடது துடைப்பக்குச்சிடா, சும்மா இரு." மாமியார் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். "ஸ்ஸ்... இந்தா. நரைச்சதாப் பாத்து வந்துருச்சு. ஆகுமா?"

"சேத்தை வச்சுப் பாக்குற கறுப்புத் தட்டுல வெள்ளை முடி இன்னும் நல்லாவே தெரியும் அத்தை."

"அப்ப இன்னொண்ணும் வச்சுக்க."

மறுநாள் அந்த முடியோடுதான் வேலையை ஆரம்பித்தாள். அந்த வாரக் கடைசியில் மாமியாரையே அழைத்துப்போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள். புதுச் சேற்றில் கிடைத்த முள்தலைப் பூச்சி ஒன்று தலையை வெளியே நீட்டி, முட்களால் மண்ணைப் பற்றி, உடம்பை இழுத்துக்கொண்டு நகர்ந்தது.

"அடி ஆத்தி! மண்டையை உள்ள இழுத்துக்குதே! நான் கத்துனா உன் மாமனாரு இப்படித்தான் பண்ணுவாரு." சிரித்து ஓய்ந்தபின் கேட்டார்: "இதுங்களால என்ன பிரயோஜனம்?"

"அழுகிப்போறதையும் அதுல வர்ற கிருமியையும் தின்னுட்டு, சேத்தைக் கிளறிக்கிட்டே இருக்கும் அத்தை. இதுங்களைத் தின்னுதான் நிறைய மீன்குஞ்சு வளருது."

மாமியார் மறுபடியும் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அப்ப நீ சும்மா ஒண்ணும் கிண்டல" என்றார்.

வீடு திரும்பும்போது சாலையைக் கடக்க அவர் கையைப் பிடித்தாள். கடந்த பிறகும் விடவில்லை. "அத்தை, நீங்க மட்டும் இல்லேன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"எல்லாம் தெரியும். பசிக்குது, வேகமா நட" என்றார் மாமியார். அவரும் கையை விடவில்லை.