சிவப்புக் கோட்டிலிருந்து எத்தனை அடி

எஃகு நாடாவின் கடைசி மூன்றடிக்குச் சாக்பீஸ் தேய்க்கும்போது எபனேசர் யாரிடமும் பேசமாட்டார். வெண்மை சீராகப் படிந்ததும், கிணற்றுச் சுவரில் தாம் இட்டிருக்கும் சிவப்புக் கோட்டில் நாடாவைப் பொருத்தி, நுனி தண்ணீரில் அமிழும்வரை இறக்குவார். மேலே இழுத்து, சாக்பீஸ் நனைந்த இடத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்ப்பார். கோட்டிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழம் என்பதை அந்த ஈரம் சொல்லிவிடும்.

சேத்தூரில் தொடங்கித் தளவாய்புரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மகாராஜபுரம் வரை முப்பத்திரண்டு கிணறுகள். கோடையில் மே மாதம் ஒரு முறை, மழை ஓய்ந்த ஜனவரியில் ஒரு முறை. இப்படிப் பத்து ஆண்டுகள். வயது நாற்பத்தொன்பது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி ஒன்றில் புவியியல் கௌரவ விரிவுரையாளர். இந்த அளவுகளை வைத்து முனைவர் பட்டம் வாங்கினால்தான் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கவே முடியும். மாணவர்களுக்கு அவர் 'கெணத்து சார்'. மனைவி ஸ்வீட்லினுக்கு ஒரே கேள்விதான்: "ஊருக் கெணத்தையெல்லாம் அளந்தாச்சு. நம்ம வீட்டுத் தொட்டியில தண்ணி இருக்கான்னு என்னைக்காவது எட்டிப் பாத்தியளா?"

செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பி எழுதுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "மேலருந்து பாத்தா எல்லாம் பச்சைதான். தென்னையா, சீமைக்கருவேலமான்னு நடந்து போயி பாத்தாத்தான தெரியும்" என்பார் வகுப்பில். பார்ப்பதோடும் விடமாட்டார். கிணற்றுக்கு நாற்பத்தொரு கேள்விகள் வைத்திருந்தார். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எந்த மாதம் ஊற்று நிற்கிறது, பக்கத்தில் யார் போர் போட்டார்கள் என்று நீளும். "பொண்ணு பாக்க வந்தவிய கூட என்னைய இம்புட்டுக் கேக்கல சார்" என்றபடியே சேத்தூர் அய்யம்மாள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார்.

மலையடிவாரக் கிணறுகளில் நீர்மட்டம் பத்தாண்டுகளில் சராசரியாக இரண்டரை அடி இறங்கியிருக்கிறது என்பது ஆய்வின் முடிவு. ஆய்வேட்டைக் கொடுக்கப் பல்கலைக்கழகம் தந்த கடைசி நீட்டிப்பு சென்ற ஜூன் வரைதான். மே மாதம் இறுதி அளவெடுக்கப் போனபோது அய்யம்மாளின் கிணற்றுச் சுவரில் பூச்சு உதிர்ந்திருந்தது. கீழே கருங்கல், மேலே மூன்று வரிசை ஹாலோபிளாக்.

"இது எப்பக்கா கட்டுனது?"

"கன்னுக்குட்டி விழுந்துச்சுல்ல, அதுக்குப் பொறவு ஒசத்துனது. சுத்தியும் மண்ணடிச்சு மேடாக்கிட்டோம். ஒங்க செவப்புக் கோட்ட மறக்கல சார். புதுச் செவுத்துலயும் மேல அதே மாதிரி எங்க வீட்டுக்காரர் போட்டுட்டாரு. நீங்க வந்து தேடக் கூடாதுல்ல."

"எந்த வருசம்?"

"ஆச்சு, நாலஞ்சு வருசம். ஆறு கூட இருக்கும்."

தரையும் சேர்ந்து உயர்ந்ததால் சுவர் எப்போதும் அவர் இடுப்பளவே இருந்திருக்கிறது. தண்ணீர் இறங்கியதாக எழுதி வைத்ததில் சுவர் ஏறியது எவ்வளவு? மூன்றே நாளில் மற்றக் கிணறுகளையும் சுற்றி வந்தார். மொத்தம் பத்தொன்பதில் சுவர் உயர்ந்திருந்தது. அத்தனை பேரும் சிவப்புக் கோட்டைப் பொறுப்பாக மேலேற்றியிருந்தார்கள். எந்த ஆண்டு என்பது மட்டும் ஒருவருக்கும் உறுதியில்லை. அவர் ஆண்டுதோறும் எடுத்து வைத்த புகைப்படங்களில் தண்ணீர் இருந்தது, சுவர் இல்லை.

நெறியாளர் ஞானபாக்கியம் தாள்களை வெகு நேரம் புரட்டினார். "வருஷம் தெரியாம இதத் திருத்த முடியாது எபனேசர். மீதி பதிமூணு கெணத்த வச்சு ஒண்ணும் சொல்லவும் முடியாது. நாப்பத்தோரு கேள்வி கேட்டீங்க. செவுத்தப் பத்தி ஒண்ணு கேட்டிருக்கலாம்" என்றார். குரலில் கடுமை இல்லை. ஆய்வேட்டைக் கொடுக்காமலேயே ஜூன் முடிந்தது.

இந்த ஜனவரியில் எபனேசர் எந்தக் கிணற்றுக்கும் போகவில்லை. பொங்கல் கழிந்த வாரம் அய்யம்மாளிடமிருந்து போன் வந்தது. "என்ன சார், ஆளையே காணும்? கெணறு நல்லா ஏறிக் கெடக்கு. வந்து அளந்துட்டுப் போங்க." அந்தக் கோட்டால் நேர்ந்ததை அவர் அய்யம்மாளிடம் சொன்னதே இல்லை. இப்போதும் "வாரேன்க்கா" என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சேத்தூருக்கு பஸ் ஏறினார்.

நாடாவை இறக்கி, இழுத்து, ஈரத்தைப் பார்த்தார்.

"எம்புட்டு சார்?"

"ஒம்பதடி நாலு அங்குலம்."

"போன வருசத்துக்கு மேலதான?"

"மேலதான்க்கா."

"அப்ப எழுதிக்கிடுங்க, மறந்துறப் போறிய."

அய்யம்மாள் பார்த்துக்கொண்டு நின்றார். எபனேசர் நோட்டை விரித்து, மூடியைக் கழற்றாத பேனாவைத் தாளின்மேல் மெல்ல நகர்த்தினார்.