தையல் டீச்சரின் ஜெபங்கள்

எழுபதுகளில் நான் வேலை பார்த்த தாம்பரத்துப் பள்ளியின் தலைமையாசிரியர் ஓய்வுபெற இருந்தார். அதற்கான விருந்துக்கு நாங்கள் ஏழெட்டு ஆசிரியர்கள் மின்சார ரயிலேறி, மவுண்ட் ரோட்டில் ஒரு சீன ஓட்டலுக்குப் போனோம். தையல் டீச்சரும் வந்தார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. ஜெபம் செய்யாமல் காபிகூடக் குடிக்க மாட்டார்.

சூப் வந்ததும் எழுந்து ஜெபம் செய்தார். நாங்களும் கண்ணை மூடினோம். நூடுல்ஸ் வந்தது, மறுபடி எழுந்தார். இறாலுக்கு ஒன்று, கோழிக்கு இன்னும் நீளமாக ஒன்று. பரிமாற வந்தவரும் தட்டும் கையுமாகக் கண்ணை மூடி நின்றார்.

"எல்லாம் ஆறுதே டீச்சர், மொத்தமா ஒரே ஜெபமா முடிச்சிடலாமே?" என்றார் தலைமையாசிரியர் பரிதாபமாக.

"முதல்ல பண்ணது சூப்புக்கு சார். இது வேற."

எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிட்டு முடித்தபோதுதான், டீச்சருடைய தட்டு துடைத்து வைத்தபடியே இருந்ததைக் கவனித்தேன்.

"நீங்க ஒண்ணுமே சாப்பிடலையா டீச்சர்?"

"எதுல என்ன போட்டிருக்காங்களோ, எனக்குப் பயம் சார்." குரலைத் தாழ்த்தினார். "நீங்கள்லாம் புள்ளகுட்டிக்காரங்க. அதான் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வேண்டிக்கிட்டேன்."

மறுநாள் காலை பள்ளி வாசலிலேயே நின்று, நாங்கள் ஒவ்வொருவராக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகத் தலைமையாசிரியர் சைக்கிளிலிருந்து இறங்கியதும், "ஸ்தோத்திரம்" என்று மூச்சுவிட்டு வகுப்புக்குப் போனார்.

எங்களில் ஒருவருக்கும் வயிறுகூட வலிக்கவில்லை. நன்றியைச் சமையல்காரருக்குச் சொல்வதா, டீச்சருக்குச் சொல்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.