அடிபட்டதற்கு ஒரு படிவம்

இந்த நாட்டில் வேலையிடத்தில் அடி வாங்கினால் முதலில் கோப்பி தருகிறார்கள். பிறகு ஒரு படிவம் தருகிறார்கள். போன கிழமை எனக்கு இரண்டும் கிடைத்தன. நான் வேலை செய்வது நோர்வேயில் கடலோரச் சிறுநகரம் ஒன்றின் வைத்தியசாலையில், முதியவர்களின் விடுதியில். அங்கே ஊலாவ் என்று ஒரு கிழவர். ஒரு காலத்தில் பெரிய மீன்பிடிப் படகை ஓட்டியவராம். இப்போது மறதி நோய். காலையில் முகம் மழிக்கப் போன என்னை யாரென்று நினைத்தாரோ, விட்டார் ஒரு அறை. காது கொஞ்ச நேரம் கூவியது, அவ்வளவுதான். நான் பாட்டுக்கு மற்றக் கன்னத்தை மழித்து முடித்தேன். அவருடைய கன்னத்தைத்தான் சொல்கிறேன்.

ஆனால் அதைப் பக்கத்துக் கட்டிலடியில் வேலையாக நின்ற சீரி பார்த்துவிட்டாள். பத்து நிமிடத்தில் விடுதிப் பொறுப்பாளர் இங்க்ரிட் கோப்பியோடு வந்து நின்றாள். நான் "இங்கென்திங்" என்றேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம். இந்தப் பாஷையில் நான் முதன்முதலாகச் சுத்தமாக உச்சரிக்கப் பழகிய சொல் அதுதான். "ஒன்றுமில்லை என்று இந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லையே" என்று சொல்லி அவள் தாளை நீட்டினாள். இதற்குப் பெயர் அவ்விக். நடந்திருக்கக் கூடாத ஒன்று நடந்துவிட்டது என்று எழுதிக் கொடுப்பது. ஐயோ, அந்தக் கிழவர் பாவம், அவருக்கு ஏதும் வில்லங்கம் வந்துவிடும் என்று நான் மன்றாடினேன். இங்க்ரிட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டம் ஊலாவைப் பிடிக்க வருவதில்லையாம், அவளைத்தான் பிடிக்க வருமாம். கை நீட்டக்கூடிய நோயாளியிடம் ஏன் ஒருத்தியைத் தனியாக அனுப்பினாய், ஏன் இரண்டு பேர் போகவில்லை என்று அவளைக் கேட்பார்களாம். வைத்தியசாலையில் வேலை செய்பவருக்கு அடி விழாமல் பார்ப்பது வேலை கொடுப்பவரின் கடமை என்று சட்டமே இருக்கிறதாம். "நாளைக்குப் பத்து மணிக்கு வா. பாதுகாப்புப் பிரதிநிதியும் வருவார். இருந்து கதைப்போம்" என்றாள். நான் கோப்பியைக் கீழே வைத்துவிட்டேன். பத்து மணி, வா, ஒருவர் வருவார், கதைப்போம். கொழும்பில் இருந்த தமிழர்களுக்கு இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான், பொலிஸ் விசாரணை.

நோர்வேக்கு வருவதற்கு முன் நான் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன நேர்சிங் ஹோமில் வேலை செய்தேன். இருந்தது வெள்ளவத்தையில், ஒரு அன்ரியின் வீட்டு மேல்மாடியில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெண்கள் ஏழு பேர் அங்கே தங்கியிருந்தோம். அப்போது போர்க்காலம், வீட்டில் தங்கும் ஒவ்வொருவரையும் பொலிஸில் பதிய வேண்டும். அன்ரி கொடுத்த பட்டியலிலோ மூன்று பேருடைய பெயர்தான். ஏழு பேரைப் போட்டால் லொட்ஜ் நடத்துவதாகச் சொல்லுவார்கள் என்று அன்ரிக்குப் பயம். பட்டியலில் இல்லாத நாலு பேரில் நானும் ஒருத்தி. செக்கிங் என்று ஆட்கள் வந்தால் நாங்கள் நாலு பேரும் அந்த வீட்டுக்கு விருந்தாளிகள். தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் மாதிரி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருப்போம். ஒருநாள் கோப்பைகள் வெறுமையாக இருந்ததை ஒரு பொலிஸ்காரர் கவனித்துவிட்டார். நல்ல மனிதர், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நேர்சிங் ஹோமில் என்னோடு வேலை செய்தவர் பரீதா தாத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் என்னைவிடப் பத்து மூத்தவர், மருதானையிலேயே பிறந்து வளர்ந்தவர். சிங்களம் தண்ணி பட்ட பாடு. தமிழில் 'சொல்லு' என்பது அவர் வாயில் 'செல்லு' என்று வரும். எனக்கு ஊசி போடத் தெரியும், ஆட்களைச் சமாளிக்கத் தெரியாது. அந்தப் பாதியை அவர் பார்த்துக்கொண்டார். ஒருநாள் வத்தளையிலிருந்து ஒருவர் தகப்பனைக் கொண்டு வந்திருந்தார். டொக்டர் வரச் சுணங்கிவிட்டது. ஒரு மணித்தியாலம் பொறுத்தார், இரண்டு மணித்தியாலம் பொறுத்தார், பிறகு மேசையில் கிடந்த ஸ்டீல் ட்ரேயைத் தூக்கி எறிந்தார். அது என்னைப் பார்த்துத்தான் வந்தது. பரீதா தாத்தா என்னை இழுத்துவிட்டு முன்னால் வந்தார். புருவத்தில் ஐந்து தையல்.

மேட்ரன் ஓடி வந்தார். "பேஷண்டின்ர ஆக்கள் கோவத்தில செய்யிறதுதான். நாங்கள்தான் பொறுத்துப் போகவேணும்" என்றார். முதலாளி ஒரு பால்மா பெட்டியும் ஒரு நாள் லீவும் கொடுத்தார். பரீதா தாத்தா பால்மாவை எனக்குத் தந்துவிட்டு, பொலிஸுக்குப் போகப் போவதாகச் சொன்னார். ஒருவரை அடிப்பது அந்த நாட்டுச் சட்டத்திலும் குற்றம்தானே. ஆனால் சாட்சி வேண்டும். பார்த்தது நான் ஒருத்திதான்.

"பயப்படாதீங்க புள்ள, நான் கதைக்கிறேன். நீங்க பார்த்தத மட்டும் செல்லுங்க. நாளைக்கு நாலு மணிக்கு ஸ்டேஷன் கேட்டடியில நிப்பேன்."

"ஓம் தாத்தா, வாறன்" என்றேன்.

மறுநாள் மூன்றரைக்கே வேலை முடித்து இறங்கினேன். பொலிஸ் நிலையம் ஐந்து நிமிட நடை. போகும் வழியில்தான் அவர்கள் என்னிடம் முதலில் எதைக் கேட்பார்கள் என்று யோசித்தேன். எங்கே இருக்கிறாய்? விலாசம் சொன்னால் பட்டியலை எடுப்பார்கள். பட்டியலில் நான் இல்லை. நான் மட்டுமென்றால் பரவாயில்லை, மற்ற மூன்று பேரும் மாட்டுவார்கள், அன்ரியும் மாட்டுவார். ட்ரே எறிந்தவர் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருக்க, சாட்சி சொல்லப் போனவள் உள்ளே இருப்பாள். அந்த நாட்களில் அப்படியும் நடந்ததுதான். வெள்ளவத்தை பஸ் வந்தது. ஏறிவிட்டேன். யன்னலோர இடம் கூடக் கிடைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் இறங்கவில்லை.

அடுத்த நாள் பரீதா தாத்தாவின் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். அவர்தான் முதலில் வாய் திறந்தார். "நேத்து வயித்து வலியா புள்ள?" ஓம் தாத்தா என்றேன். "இஞ்சித் தேத்தண்ணி குடிங்க" என்றார். சாட்சி இல்லாத முறைப்பாட்டை அவர்கள் எழுதவில்லையாம். இரண்டு கிழமையில் ட்ரே எறிந்தவர் தகப்பனோடு திரும்ப வந்தார். புருவத்தில் பிளாஸ்டரோடு பரீதா தாத்தாதான் அந்தத் தகப்பனின் சில்லு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் அன்ரிக்கு மனம் இளகி எங்கள் நாலு பேரையும் பட்டியலில் சேர்த்தார்.

இப்படிப்பட்ட ஒருத்தியிடம் போய் பத்து மணிக்கு வா என்றால் என்ன செய்வாள்? முதல் நாளே பைலை எடுத்துவிட்டேன். கடவுச்சீட்டு, வதிவிட அனுமதி, வீட்டு வாடகை ஒப்பந்தம், கொழும்பு அடையாள அட்டை, வெள்ளவத்தைப் பொலிஸ் பதிவின் பிரதி. என் மனிசனும் பக்கத்தில் இருந்து, "எதுக்கும் கலியாண சேர்டிபிக்கட்டையும் வையும்" என்றார். அதையும் வைத்தேன். எப்போது வந்தாய், ஏன் வந்தாய் என்ற கேள்விகளுக்கு நோர்வேஜிய மொழியில் பதில் பாடமாக்கினேன்.

பாதுகாப்புப் பிரதிநிதி என்றவர் எங்களைப் போல ஒரு தொழிலாளிதான். சமையலறையில் வேலை செய்கிறவர், பெயர் ஆர்னே. தொழிலாளர்களே வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்தவராம். நான் கேட்காமலே ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினேன். ஆர்னே குழம்பிப் போனார். மரியாதைக்காகக் கலியாண சேர்டிபிக்கட்டை எடுத்துப் பார்த்து, "வாழ்த்துகள்" என்றார். இங்க்ரிட் எனக்குப் புது வேலை ஏதும் கிடைத்துவிட்டதோ என்று பயந்து போனாள். பிறகு ஆர்னே எல்லாவற்றையும் அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காது இன்னும் வலிக்கிறதா?"

நான் அந்தக் கேள்விக்குப் பதில் பாடமாக்கவில்லை. அழுதுவிட்டேன். அறை வாங்கியதை நினைத்து அழுகிறேன் என்று அவர்கள் எண்ணி மறுபடி கோப்பி ஊற்றினார்கள். படிவத்தின் அடியில் சாட்சி என்று ஒரு கோடு. சீரியைக் கூப்பிட்டார்கள். அவள் நின்றபடியே குனிந்து, பேனையை வாங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டு, சூப் ஆறுகிறது என்று ஓடினாள். அவ்வளவுதான், அரை நிமிடம். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஊலாவிடம் இப்போது இரண்டு பேராகத்தான் போகிறோம். அவர் எங்களில் யாரை அறையலாம் என்று யோசிப்பதற்குள் மழித்து முடித்துவிடுகிறோம். ஆனால் நான் அன்றைக்கு ஒரு வெற்றுப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். இடம், கொட்டாஞ்சேனை. காயப்பட்டவர், பரீதா. காயம், இடது புருவம், ஐந்து தையல். எழுதிவிட்டு, தொலைபேசி அட்டையைச் சுரண்டி மருதானைக்கு எடுத்தேன். எடுத்த விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு.

"அல்லாஹ்! இப்ப எழுதி யாருக்குக் குடுக்கப் போறீங்க புள்ள? அந்த நேர்சிங் ஹோமே இப்ப இல்ல. டயர் கடை போட்டு ஈக்காங்க."

"எனக்கெண்டாலும் எழுதி வைக்கிறன் தாத்தா."

அந்தப் பக்கம் கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்ப சரியா எழுதுங்க" என்றார். "நாலு மணிக்கு வாரெண்டு சென்னீங்க. நீங்க பஸ்ஸில போறத கேட்டடியில நிண்டு கண்டேன். ஒருவேள அடுத்த ஹோல்ட்ல இறங்கி வருவீங்களோண்டு ஆறு மணி மட்டும் நிண்டேன்."

சாட்சிக் கோட்டில் என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதற்குக் கீழே பெறுபவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப இந்த நாட்டிலும் ஆளில்லை, அந்த நாட்டிலும் ஆளில்லை. இப்போது அந்தப் படிவம் பைலுக்குள், நோர்வே வதிவிட அனுமதிக்கும் வெள்ளவத்தைப் பொலிஸ் பதிவுக்கும் நடுவில் இருக்கிறது.