வீட்டுக்குப் போவதைப் பற்றி ஆறு வாக்கியங்கள்

அந்த வேலையோடு ஓர் அறையும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் நான் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டுகளைப் பழுது பார்க்கும் ஒரு காண்ட்ராக்ட்டில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். ஸ்டோருக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஓர் அறை, ஒரு கட்டில், தனிக் குழாய். அங்கிருந்த இன்ஜினியர் வட மாநிலத்தவர், தமிழ் தெரியாது. இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசுகிறவனைத்தான் எடுப்பார் என்றார்கள்.

எனக்கு நாற்பத்தாறு வயது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். திருப்பூர், சூரத், ஓசூர், தூத்துக்குடி என்று சுற்றிவிட்டு நெய்வேலிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெல்ட் வேலைதான். முத்தாண்டிக்குப்பத்தில் ஓர் அறையில் நாங்கள் நாலு பேர், மூன்று ஷிப்ட், இரண்டு பாய். ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் படுப்பான். பாயில் எப்போதும் இன்னொருவன் சூடு இருக்கும். ஊர் ஊராகப் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆனால் சட்டை மாட்ட எனக்கென்று ஓர் ஆணி வேண்டும் என்ற நினைப்பு வந்துவிட்டது.

வகுப்பு டவுன்ஷிப்பில், ஒரு குவார்ட்டர்ஸின் கார் ஷெட்டில், வாரம் மூன்று மாலை நடந்தது. நடத்தியவர் ஆபீசில் வேலை பார்க்கும் பர்மனென்ட் ஊழியர் ஒருவரின் மனைவி. கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எட்டுப் பேர் படித்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்தவன் சேத்தியாத்தோப்புக்காரன், என்னோடு பெல்ட்டில் வேலை செய்கிறவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவனும் அதே ஸ்டோர் வேலைக்குத்தான் படித்தான். ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் படித்தான்.

ஒருநாள் டீச்சர் பலகையில் ஆறு சொற்கள் எழுதினார். ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி, நெவர். ஒரு காரியம் எத்தனை தடவை நடக்கிறது என்று சொல்ல இவை. “வினைக்கு முன்னாடி உக்காரும். ஆம், ஈஸ், ஆர் வந்தா மட்டும் அதுக்குப் பின்னாடி,” என்றார். உதாரணத்துக்கு எழுதினார்: ஐ ஆல்வேஸ் ஸ்லீப் அட் நைட்.

சேத்தியாத்தோப்புக்காரன் சிரித்துவிட்டான். “டீச்சர், இது எங்களுக்குப் பொய்யிங்க.”

“ஏண்ணே?”

“நைட் ஷிப்டுன்னா பகல்ல தூங்குறோம். ரெண்டாவது ஷிப்டுன்னா எப்பத் தூங்குறோம்னு எங்களுக்கே தெரியாதுங்க.”

“அப்ப யூஷுவலி போடுங்க. வழக்கமான்னு அர்த்தம்.”

“வழக்கமே வாரத்துக்கு ஒருதபா மாறுதுங்களே!”

கேன்டீனில் பாத்திரம் கழுவும் அக்கா பின்னாலிருந்து கேட்டார். “என் வூட்டுக்காரரு நான் சொல்றத நெவர் ஹியர்னு எழுதலாங்களா? அது மட்டும் எந்த ஷிப்டுலயும் மாறாது.”

“ஹியர்ஸ்னு எழுதுங்கக்கா. வேற ஒரு தப்பும் இல்ல,” என்றார் டீச்சர். ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறு வகுப்புக்கு, வீட்டைப் பற்றி ஆறு சொல்லுக்கும் ஆறு வாக்கியம் எழுதிவரச் சொன்னார். சேத்தியாத்தோப்புக்காரன் எழுந்து நின்று வாசித்தான். ஐ யூஷுவலி கோ ஹோம் ஆன் மை வீக்லி ஆஃப். மை டாட்டர் ஈஸ் ஆல்வேஸ் அட் த பஸ் ஸ்டாப். டீச்சர் கை தட்டினார்.

என் நோட்டில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. ஐ நெவர் கோ ஹோம். மற்ற ஐந்து சொல்லுக்கும் என்னிடம் சரக்கு இல்லை. அம்மா போன பிறகு கரூர்ப் பக்கம் அக்கா வீட்டுக்கு ஒரு முறை போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். உள்ளே வா என்று சொல்ல மறந்துவிட்டாள். மறந்துவிட்டாள் என்றுதான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன். அது பதினோரு வருடத்துக்கு முந்தைய கதை.

நோட்டைப் பார்த்து வாசிப்பதுபோல் வாசித்தேன். ஐ ஆஃபன் கோ ஹோம். மை சிஸ்டர் ஆல்வேஸ் குக்ஸ் ஃபிஷ். டீச்சர் எனக்கும் கை தட்டினார்.

வெளியே வந்ததும் சேத்தியாத்தோப்புக்காரன் பிடித்துக்கொண்டான். “என்ன மீனுண்ணே வைக்கும் அக்கா?”

“கெண்டை.”

“அடுத்த தபா எனக்கும் கொஞ்சம் எடுத்தாண்ணே.”

அடுத்த வீக்லி ஆஃபில் பஸ் ஏறி விருத்தாசலம் வரை போனேன். பஸ் ஸ்டாண்டில் மாலை வரை உட்கார்ந்திருந்தேன். கரூர்ப் பக்கம் போகிற பஸ்கள் வந்தன, போயின. ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்பை டப்பாவில் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவன் விரலைச் சூப்பிக்கொண்டே, “அக்கா கைப்பக்குவமே தனிண்ணே,” என்றான்.

இன்டர்வியூ ஒரு காலையில் நடந்தது. அவன் முதலில் போனான். முகம் மலர வெளியே வந்தான். “வூட்டுக்கு எப்பெப்பப் போவன்னு கேட்டாருண்ணே. யூஷுவலி, வீக்லி ஆஃப்ல அப்டின்னு கரெக்டா சொல்லிட்டன்.”

பிறகு நான். பெயர், வயது, வேலை எல்லாம் கேட்டுவிட்டு இன்ஜினியர் கேட்டார். “ஹவ் ஆஃபன் டு யூ கோ ஹோம்?”

ஷெட்டில் வாசித்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. ஆனால் ஸ்டோர்க்காரனுக்கு எது நல்ல பதில் என்று எனக்குப் புரியாமல் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்று இப்போது எழுதினால் அது இன்னொரு பொய். கட்டிலுக்காகத்தான் சொன்னேன்.

“ஐ நெவர் கோ ஹோம்.”

“நெவர்? ஈவன் ஃபார் பொங்கல்?”

“நெவர், சார்.”

“குட்,” என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

இரண்டு நாளில் சாவி என் கைக்கு வந்தது. என்ன பதில் சொன்னேன் என்று அவன் கேட்டான். சொன்னேன்.

“அப்ப அக்கா? அந்த மீனு?”

“விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு.”

திட்டுவான் என்று காத்திருந்தேன். “மொதல்லயே சொல்லியிருந்தா எங்கூட்டுக்கு இட்டுகினு போயிருப்பனே. கடக் கொழம்ப அக்கா கொழம்புன்னு துன்ன வச்சிட்டியே,” என்றான். பிறகு, “பொங்கலுக்கு வந்துடு. வரலன்னா பாரு,” என்றான். வருகிறேன் என்றேன்.

அறையில் மூன்று ஆணிகள் இருந்தன. என்னிடம் இரண்டு சட்டைகள். பொங்கலுக்கு என்று மூன்றாவதாக ஒன்று வாங்கி மாட்டினேன்.

பொங்கலன்று இன்ஜினியர் ஊருக்குப் போயிருந்தார். வாட்ச்மேனும் லீவு. போகும்போது இன்ஜினியர் என் தோளைத் தட்டி, “யூ நெவர் கோ, நோ?” என்று மட்டும் கேட்டிருந்தார். நான் “நெவர், சார்” என்று சொல்லியிருந்தேன். யார்டில் பெல்ட் சுருள்களும் நானும்தான். பதினோரு மணிக்கு போன் வந்தது.

“எங்கண்ணே இருக்க?”

“ஸ்டோர்ல.”

“இன்னும் பஸ் ஏறலியா?”

“சாவி என்கிட்டதான் இருக்கு.”

“எம்பொண்ணு பஸ் ஸ்டாப்புலியே நின்னுகினு இருக்குண்ணே. ஒவ்வொரு பஸ்ஸா பாத்துகினு.”

“வீட்டுக்கு அனுப்பிடு, வெயில்ல நிக்க வேண்டாம்,” என்றேன்.

போனை வைத்துவிட்டு மதியத்துக்கு உலை வைத்தேன். புதுச் சட்டை ஆணியிலேயே இருந்தது. அதன் மடிப்பு இன்னும் கலையவில்லை.